நூற்றுக்கு எத்தனை

சீட் கிடைக்குமா என்று அவன் கேட்கவில்லை.
நூற்றுக்கு எத்தனை, என்றான்.
இரும்புக்கடையில் பகுதிநேரம் சாவி வெட்டுகிறவன்,
கணக்காய்த்தான் பேசுவான்.

நவம்பர் கடைசி. மேய்ன் மாநிலத்தின் கிழக்குக் கோடி.
நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
என் அறை ஹீட்டருக்கு இரண்டே குணம்:
சுடும், இல்லையென்றால் முனகும்.
அன்றைக்கு முனகல்.

திரையில் அந்த வரைபடம்.
குறுக்கே பள்ளி மதிப்பெண், நெடுக்கே நுழைவுத் தேர்வு.
இந்தப் பள்ளியிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்குப்
பதினோரு வருடத்தில் ஐந்து பேர் முயன்றிருக்கிறார்கள்.
ஐந்தும் சிவப்புப் பெருக்கல் குறி.
மற்றவர்களுக்கு அவை குறிகள்; எனக்குப் பெயர்கள்.
வலப்பக்க மேல்மூலையில் இருப்பவள் ஹாலி ட்ரண்டி.
முடிவு வந்த நாளில் இதே நாற்காலியில் உட்கார்ந்து
என் டிஷ்யூ பெட்டியைக் காலி செய்தாள்.
கீகன் பீல் அவளுக்கும் மேலே நிற்பான்,
குறியே விழாத வெள்ளையில்.

"மூன்று," என்றேன்.
"மூன்றா, மூன்றரையா?"
சிரிக்கிறானோ என்று பார்த்தேன். இல்லை.

ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து நிமிடம் என்று கேள்வி.
படிப்பவளுக்கு இருபத்தேழு வயது இருக்கலாம்,
மடியில் பூனை, பக்கத்தில் ஆறிய காபி,
அன்றைக்கு இவன் நாற்பதாவது ஆள்.
அவளுக்கு எங்கள் ஊர் என்றால் என்ன?
சிங்கி இறால். வேறென்ன.
ஆகவே சொன்னேன்: அப்பாவின் படகைப் பற்றி எழுது.
விடியாத கடல், விறைத்த கயிறு,
கூண்டிலிருந்து எடுத்ததும் ஓட்டின் மேல் வைக்கும்
பித்தளை அளவுகோல்.
சின்னதென்றால் கடலுக்கே திரும்பும்,
மிகப் பெரியதென்றாலும் கடலுக்கே.
எவ்வளவு பொருத்தமான உவமை பார், என்றேன்,
வெட்கமே இல்லாமல்.

பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தான்.
"எனக்குப் படகு ஒத்துக்காது, மிஸஸ் ஃபார்ன்ஸ்.
பன்னிரண்டு வயசில் கடைசியாய்ப் போனேன்.
இரை வாளிக்குள்ளேயே வாந்தி.
அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
துறையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்.
டீசல்தான் தண்டம்."

ஊரறிந்த சேதி. எனக்கும் தெரியும்.
தெரிந்துதான் கேட்டேன் என்பதை
இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

அவன் கட்டுரை சாவியைப் பற்றி.
முனையில் இருக்கும் கோடை வீடுகளில் பாதிக்கு
அவன்தான் நகல் சாவி வெட்டியிருக்கிறான்,
காவல்காரர்களுக்கு, பிளம்பர்களுக்கு.
ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை.
அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான்.
நானாயிருந்தால் ஒரு பத்தி அழுதிருப்பேன்.
மீதியெல்லாம் ஒரே விஷயம்:
நகலை வைத்து நகல் எடுத்தால்
ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை பிசகும்.
மூன்றாவது சாவி பூட்டுக்குள் நுழையும்.
திரும்பாது.

ஒரு காற்புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன்.
வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

இரவு, பரிந்துரைக் கடிதம்.
என் பணிக்காலத்தில் கண்ட மிகச் சிறந்த மாணவர்களுள் ஒருவர்,
கட்டத்தில் டிக் அடித்தேன்.
ஹாலிக்கும் அடித்தேன். அவளுக்கும் முன்னால்
வாலஸ் பையனுக்கும்.
கீழே என் பழைய முதல் வரி தயாராய் இருந்தது:
கடல் வளர்த்த பிள்ளை இவன்.
ஐந்து கடிதங்களில் ஐந்து பிள்ளைகளை
அந்தக் கடல் வளர்த்திருக்கிறது.
அதில் ஒருத்தியின் அப்பா தபால்காரர்.

அழித்தேன்.
வெற்றுத் திரையில் கோடு மட்டும் துடித்தது.
கணவர் வந்து எட்டிப் பார்த்தார், சாப்பாடு ஆறுகிறது என்றார்.
ஆறட்டும்.

கீகன் பீலுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, என்று தொடங்கினேன்.
அதற்கப்புறம் கை நிற்கவில்லை.
ஒன்றரைப் பக்கம். அவர்கள் கேட்டது ஒரு பக்கம்.

மூன்றரை என்றே
சொல்லியிருக்கலாம்.